நடுவழியில் நின்ற பைக்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுபோவதற்கான காரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை, பிளக்கில் கரன்ட் வரவில்லை, டயரில் காற்று இல்லை, செயினோ கேபிளோ அறுந்துவிட்டது. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எஞ்சினுக்குள் ஏதாவது உடைவது அபூர்வம். ஆனால் ஒரே கோளாறு ஓரிடத்தில் பத்து நிமிட வேலையாக முடிகிறது, இன்னோர் இடத்தில் இரவு முழுக்க இழுத்தடிக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். சென்னையின் மேற்குப் புறநகரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். சாலை, கோயம்பேட்டிலிருந்து மதுரவாயல், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வழியாக பெங்களூரு நோக்கிப் போகும் நெடுஞ்சாலை, இரண்டையும் இணைக்கும் ஆவடி–பூந்தமல்லி சாலை: இவை இந்தப் பகுதியின் பழைய சாலைகள். 1949இல் தொடங்கப்பட்ட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. 1960களில் பாடியைச் சுற்றி லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் என்று வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. செல்ஃப் மோட்டார், பிரேக், சக்கரம், போல்ட்டு நட்டு என்று வண்டிக்குத் தேவையான பலவும் இங்கேயே தயாராயின. இவற்றின் நிழலில் லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் ஸ்பேர்ஸ் கடைகளும் முளைத்தன. இன்றைக்கும் இந்தச் சாலைகளில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டே போய்ச் சேரும் தூரத்தில் ஒரு மெக்கானிக்கோ, டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடையோ இருக்கும்.

புதிய சாலைகளில் நிலைமை வேறு. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் பக்கம் போகும் 32 கிலோமீட்டர் சென்னை பைபாஸும், வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் சுமார் 60 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் ஊரைத் தொடாமல் வேகமாகப் போவதற்காகவே போடப்பட்டவை. பைபாஸ் அம்பத்தூரின் தலைக்கு மேலேயே போகிறது. கூப்பிடு தூரத்தில் கீழே பட்டறைத் தகரக் கூரை தெரியும். இறங்கும் வழியோ எங்கோ தள்ளி இருக்கும். வேலூர், ஆரணி, திருத்தணிப் பக்கத்திலிருந்து வேலைக்கோ உறவினர் வீட்டுக்கோ பைக்கில் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சாலைகளில்தான். ஆகவே முதல் குறிக்கோள் வண்டியைச் சரிசெய்வது அல்ல. புதிய சாலையிலிருந்து பழைய சாலைக்கு எப்படியாவது இறங்குவதுதான்.

எஞ்சின் இழுவை குறைகிறது என்று தெரிந்த நொடியிலேயே இடது இண்டிகேட்டரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, மிச்சமிருக்கும் வேகத்திலேயே ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். அந்த வேகத்தை வைத்து எவ்வளவு தூரம் உருள முடியுமோ அவ்வளவும் லாபம். மேம்பாலத்தின் மேல், வளைவில், இறங்கு சாலை பிரியும் முனையில் நிறுத்தக் கூடாது. அந்த இடங்களில் பின்னால் வருகிறவருக்கு வண்டி கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். நின்ற பிறகு ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். ஆட்கள் நிற்க வேண்டிய இடம் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். வண்டியின் வலப்புறம் உட்கார்ந்து, லாரிகள் உரசிக்கொண்டு போகும் பக்கம் முதுகைக் காட்டியபடி நட்டு கழற்றுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. கூட ஒருவர் இருந்தால் அவருடைய ஒரே வேலை, செல்போன் டார்ச்சை எரியவிட்டு வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது.

தள்ளுவதானால் போக்குவரத்து போகும் திசையிலேயே ஓரமாகத் தள்ள வேண்டும். பின்னால் விட்டுவந்த பெட்ரோல் பங்க் அரை கிலோமீட்டரில் இருந்தாலும், எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டு போவது உயிருக்கு விலை பேசுவதாகிவிடும். இன்னொரு பைக்கில் வருகிறவர் பின்னாலிருந்து காலை நீட்டி முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவது நம் ஊரில் சகஜம். உதவ நினைக்கும் அந்த மனசு பெரியது. குறுக்குத் தெருவில், மெதுவான வேகத்தில் அதனால் பிரச்சினை இல்லை. பைபாஸில் அது இரண்டு வண்டிகளையும் ஒருசேரச் சாய்த்துவிடக்கூடியது. அங்கே நன்றி சொல்லி மறுத்துவிடுவதே நல்லது.

பாதுகாப்பான இடம் கிடைத்த பிறகுதான் கோளாறைத் தேட வேண்டும். வண்டி எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விக்கி விக்கி, இழுவை குறைந்து, கடைசியில் நின்றிருந்தால் சந்தேகம் பெட்ரோல் மேல் போக வேண்டும். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றிருந்தால் மின்சாரத்தின் மேல். சத்தத்தோடு நின்று, கிக்கரோ பின்சக்கரமோ சுற்ற மறுத்தால் எஞ்சின் பிடித்திருக்கலாம். அதற்குமேல் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது.

சட்டென்று நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு கில் சுவிட்ச். கையோ பையோ பட்டு அது அணைந்திருக்கும்; இது தெரியாமல் அரை மணி நேரம் கிக்கரை உதைத்தவர்கள் ஏராளம். சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் பல புதிய வண்டிகளில் எஞ்சின் இயங்காது, சேறு அடைத்த ஸ்டாண்டு சென்சாரும் அதே வேலையைச் செய்யும். சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பியூஸ் போயிருக்கும், அல்லது பேட்டரி முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். நம் சாலைகளின் குலுக்கலில் பேட்டரி ஸ்க்ரூ தளர்வது சாதாரணம். பியூஸ் பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு மாற்று பியூஸ் இருக்கும். மாற்றியதும் மறுபடி உடனே எரிந்துபோனால் எங்கோ ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆகிறது. அப்போது பெரிய பியூஸையோ ஒயர் துண்டையோ வைத்து ஒப்பேற்றக் கூடாது, வண்டி தீப்பிடிக்கும்.

விக்கி நின்ற பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் இருந்தும் நின்றால் மூடியைத் திறந்து மூடிப் பார்க்கலாம். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. திறந்ததும் உஸ் என்ற சத்தத்தோடு சரியாகிவிடும். பல பங்குகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தருவதில்லை என்பதால், தீர்ந்த பிறகு வாங்கிவருவதும் சுலபமில்லை.

கார்புரேட்டர் வண்டியானால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது அதிகம் சொல்லித்தரும். வண்டியோடு கொடுத்த டூல்ஸ் பையிலேயே பிளக் ஸ்பேனர் இருக்கும். எஞ்சின் ஆறும்வரை பொறுத்து, தொப்பியை உருவி, பிளக்கைக் கழற்ற வேண்டும். முனை இளம் பழுப்பாக, காய்ந்து இருந்தால் எஞ்சின் நன்றாகத்தான் எரிந்திருக்கிறது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் காற்றைவிடப் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அது பெரிய வேலை. துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டியதுமே ஓடிவிடும் வண்டிகள் நிறைய. அந்தக் காலத்தில் திருவொற்றியூரில் செய்த புல்லட்டை வைத்திருந்தவர்கள் பிளக்கும் பாயின்ட்டும் உப்புத்தாளும் இல்லாமல் ஊர் தாண்டமாட்டார்கள். 1980இல் வந்த டி.வி.எஸ். 50க்கு அந்தக் கவலைகூட இல்லை. பெடல் இருந்ததால் சைக்கிள்போல மிதித்தே வீடு சேரலாம். இன்றைய பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. வண்டி செய்பவர்கள் எடுத்துவிட்ட இந்தச் சின்ன வசதி நடுவழியில் நிற்கும்போதுதான் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபின் ஏறக்குறைய எல்லாப் புதிய வண்டிகளிலும் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. இதில் பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் பேட்டரியால் இயங்குகின்றன. பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வது பலன் தராது. சாவியைப் போட்டதும் டேங்கின் அடியில் ஓரிரு நொடி பம்பு ரீங்காரமிடும். அந்தச் சத்தம் வராவிட்டால் பியூஸ், பம்பு, ஒயர் என்று மெக்கானிக்குக்குத் திசை காட்டலாம். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தாலும் கண்சிமிட்டினாலும் கம்ப்யூட்டர் ஒரு கோளாறைக் குறித்துவைத்திருக்கிறது என்று பொருள். அதைப் படிக்கும் கருவி உள்ள ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். இதில் சாலையோரப் பரிசோதனைகள் வேண்டாம்.

பஞ்சருக்கு வருவோம். லேத் துருவல், ஆணி, உடைந்த போல்ட்டு என்று இரும்புத் துண்டுகள் இறைந்து கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளில் இது அன்றாட நிகழ்ச்சி. டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும், மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போய்விடலாம். ஸ்ட்ரிப் செருகும் கிட்டும் சின்னக் காற்றுப் பம்பும் சீட்டுக்கடியில் இருந்தால் நின்ற இடத்திலேயே அடைத்துக்கொள்ளலாம். டயரின் பக்கச்சுவரில் விழுந்த ஓட்டைக்கு மட்டும் இது உதவாது. டியூப் டயரின் கதை வேறு. காற்றில்லாமல் உருட்டினால் டியூப் நகர்ந்து காற்றடிக்கும் மவுத் அறுந்துவிடும், அதோடு டியூப் குப்பைதான். ஆள் ஏறாமல், மெதுவாக, குறைந்த தூரமே தள்ள வேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும்போது கூடவே நின்று பார்ப்பது நல்லது. ஓட்டைகள் எத்தனை என்பது குமிழியிலேயே தெரிந்துவிடும், பேட்சுக்கான பணத்தில் பிறகு பேச்சு வராது. டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்து ஆணியை எடுத்துவிட்டார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். எடுக்காவிட்டால் பத்தாவது கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்.

கேபிள்கள் அறுவதற்குமுன் கைப்பிடி கனத்து எச்சரிக்கும். கார்புரேட்டர் வண்டியில் ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் கூட்டி, முதல் கியரில் ஊர்ந்து ஓரமாகப் போய்ச் சேரலாம். கிளட்ச் கேபிள் அறுந்தாலும் எஞ்சின் ஓட, நியூட்ரலில் தள்ளி வேகம் வந்ததும் முதல் கியரைத் தட்டி ஏறிக்கொள்கிற பழக்கசாலிகள் உண்டு. நெரிசலான பாடி மேம்பாலத்தின் கீழ் அதை யாரும் முயலக் கூடாது. செயின் லாக் கழன்று விழுவது இன்னொன்று. விரல் நுனி அளவே உள்ள அந்த லாக் ஒன்றைப் பர்சில் போட்டுவைத்தால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சும். அதன் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திருப்பி மாட்டினால் மறுபடி கழலும். பிரேக் போயிருந்தால் ஒப்பேற்றுவது என்ற பேச்சே கிடையாது, வண்டியை ஏற்றித்தான் போக வேண்டும்.

மழைக்காலத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும் கோளாறு தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்ட 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிகளை மூழ்கடித்த 2023 டிசம்பரிலும் எண்ணற்ற பைக்குகள் தண்ணீருக்குள் நின்றன. அந்த வண்டிகளில் பலவற்றைக் கெடுத்தது வெள்ளமல்ல, வடிந்ததும் அவசரப்பட்டுப் போட்ட ஸ்டார்ட். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, காற்றுதான் அமுங்கும். அந்த நிலையில் செல்ஃபை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைகிறது. சரியான முறை: சாவியைத் தொடாமல் வண்டியை மேட்டுக்குத் தள்ளிவர வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் எஞ்சின் ஓடக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்தி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் டேங்கில் புகுந்த தண்ணீர் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கும். அதையும் வடித்தாக வேண்டும். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடைத்துக்கொண்டால், அது உரிமையாளரால் வந்த பின்விளைவு என்று சொல்லி காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

காப்பீட்டைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வண்டி நின்றுபோனால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்பது சரியல்ல. வழக்கமான பாலிசியில் எஞ்சின் கோளாறும் மின்கோளாறும் சேராது. விபத்தில் சேதமான இரு சக்கர வாகனத்தை அருகிலுள்ள ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு 300 ரூபாய் வரை தரும் விதி உண்டு, அதுவும் விபத்துக்குத்தான். நடுவழி உதவி என்று தனியாகச் சிறு தொகை கட்டிச் சேர்ப்பதும், வண்டி நிறுவனம் ஆண்டுக்கணக்கில் விற்பதும் வேறு. அதை வாங்கும்போதே எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக ஏற்றிப்போவார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை, இரவில் வருவார்களா என்று கேட்டு, எண்ணைப் போனில் பதிந்துவைக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033ஐ அழைக்கலாம். சென்னை பைபாஸும் பூந்தமல்லியைக் கடக்கும் பெங்களூரு நெடுஞ்சாலையும் அதில் வரும். வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது. அங்கே இந்த எண்ணை நம்பியிருக்காமல், ஆபத்தென்றால் 112, காயமென்றால் 108. இடம் சொல்லும்போது "ஆவடி பக்கம்" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சாலை, எந்த ஊரை நோக்கிய பக்கம், கடைசியாகக் கடந்த டோல்கேட், கிலோமீட்டர் கல்லின் எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். போன் பேட்டரி குறையும் முன் வாட்ஸ்அப்பில் லொகேஷனையும் அனுப்பிவிடலாம்.

மெக்கானிக்கிடம் கோளாறின் பெயரைவிட அறிகுறிகளைச் சொல்வதே பயன்தரும்: எப்போது நின்றது, எப்படி நின்றது, அதற்குமுன் என்ன சத்தம் வந்தது. வேலை தொடங்கும் முன்பே கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்வது யாரையும் சந்தேகிப்பதாகாது. நல்ல மெக்கானிக் கேட்காமலே கையில் கொடுப்பார். அக்கம்பக்கத்தில் கிடைக்காத பொருள் என்றால் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், அதற்குள் இருட்டிவிட்டால் அன்று வேலை முடியாது.

அப்படி இரவு தங்க நேர்ந்தால் வண்டியை எங்கே விடுவது என்ற கேள்வி வரும். அரக்கோணம் மார்க்கத்தில் அம்பத்தூர், ஆவடி ரயில் நிலையங்களில் டோக்கன் கொடுக்கும் வண்டி நிறுத்தங்கள் உண்டு. அங்கே விட்டுவிட்டு மின்சார ரயிலில் போய், காலையில் மெக்கானிக்கோடு வருவது கௌரவமான வழி. சாலையோரத்தில் விட்டுப்போவது நல்லதல்ல. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு போலீசாருக்கு அதிகாரம் தருகிறது. வேறு வழியே இல்லை என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் வண்டி எண்ணையும் இடத்தையும் சொல்லிவைக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

கோளாறு பெரிதென்றால் வண்டியை ஊருக்கே அனுப்பிவிடலாம். பக்கத்து ஊரென்றால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி போதும். ஏற்றியதும் ஹேண்டிலின் இரு பக்கமும் கயிறு கட்டி, முன் ஃபோர்க் சற்று அமுங்கும்வரை இறுக்கி, முதல் கியரில் விட வேண்டும். சைடு ஸ்டாண்டை நம்பி நிறுத்தினால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே சாயும். தொலைவென்றால் ரயில். சென்ட்ரல், எழும்பூர் பார்சல் அலுவலகங்களில் பயணச்சீட்டு இருந்தால் லக்கேஜாகவும், இல்லாவிட்டால் பார்சலாகவும் பைக்கைப் பதிவு செய்யலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும். டேங்கைச் சுத்தமாகக் காலி செய்திருக்க வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளையும் டேங்கையும் சாக்கு சுற்றிக் கட்டி, பெயர், போன் எண், சேரும் நிலையம் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் தொங்கவிட வேண்டும். பார்சலாகப் போட்டால் வண்டி அதே ரயிலில் வரும் என்ற உறுதி இல்லை. வந்து சேர்ந்ததும் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். இலவச நேரம் கடந்தால் ரயில்வே மணிக்கணக்கில் கட்டணம் போடும். ரசீது, ஆர்.சி. அசல் ஆகியவற்றோடு போனால் ஒரே நடையில் வேலை முடியும்.